மாமல்லபுரத்தில் ஒரு சனி ஞாயிறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிறவர்கள் கிளம்பும் முன்பு கேட்பதும், போய் மாட்டிக்கொண்ட பிறகு கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முன்னால், வில்லங்கமானவை பின்னால். கட்டணங்கள் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள்ல பார்த்துட்டு வந்துட முடியாதா? ராத்திரி தங்கித்தான் ஆகணுமா?

முடியும். ஆனால் ஒரு நாள் பயணம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வீட்டில் டிபன் முடித்து எட்டரைக்குக் கிளம்பி, வழியில் ஒரு காபி குடித்து, பதினொன்றரைக்குப் போய்ச் சேர்கிறார்கள். அதற்குள் பாறையில் கால் வைக்க முடியாது. மூன்று மணி வரை ஏதாவது ஏசி ஓட்டலில் உட்கார்ந்திருந்துவிட்டு, கூட்டம் முட்டும் மாலையில் கோயிலுக்கு ஓடி, இருட்டியதும் நெரிசலில் திரும்புகிறார்கள். பிறகு "மகாபலிபுரத்துல ஒண்ணும் இல்லப்பா" என்கிறார்கள்.

இந்த ஊர் நன்றாக இருப்பது இரண்டே வேளைதான்: காலை 6 முதல் 9 வரை, மாலை 4 முதல் ஆறரை வரை. சனிக்கிழமை மதியம் போய் ஒரு ராத்திரி தங்கினால் ஒரு மாலையும் ஒரு காலையும் முழுதாகக் கிடைக்கும். தங்க வழியே இல்லையென்றால் விடியற்காலை 5 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். காலை உணவை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த மாசம் போனா நல்லது?

டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி முடிய. அக்டோபர், நவம்பர், டிசம்பர் தொடக்கம் வடகிழக்குப் பருவமழைக் காலம். போகக்கூடாது என்றில்லை, கடைசி நேரத்தில் ரத்து செய்ய வேண்டி வரலாம். மே மாதத்து வெயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பகல் காய்ந்தாலும் கடற்காற்று ஏறியதும் தாங்கும்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: காணும் பொங்கல், அதாவது ஜனவரி 16 அல்லது 17. புத்தாண்டு இரவு. வெள்ளியோ திங்களோ அரசு விடுமுறையாகி மூன்று நாள் சேர்ந்து வரும் வாரங்கள். அந்த நாட்களில் கோயிலைப் பார்க்க முடியாது, கோயிலைப் பார்க்க வந்தவர்களைத்தான் பார்க்கலாம். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை சுற்றுலாத் துறை நடத்தும் இந்திய நாட்டிய விழா மாலை நேரங்களில் நடக்கும். அதற்காகப் போவதானால் வார நாளே உத்தமம்.

பஸ்ல போறதுன்னா எங்க ஏறணும்?

தென்சென்னைக்காரர்களுக்கு அடையாறு, திருவான்மியூர் பக்கமிருந்து மாநகரப் பேருந்து 588, இ.சி.ஆர். என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும். தாம்பரத்திலிருந்து 515; கேளம்பாக்கம், திருப்போரூர் வழி. இரண்டும் ஊருக்குள்ளே பேருந்து நிலையம் வரை போகும். அங்கிருந்து அர்ச்சுனன் தபசு என்னும் பெரிய பாறைச் சிற்பம் நடக்கும் தூரம்தான். பெயர்ப்பலகையில் மாமல்லபுரம் என்று இருந்தாலும் மகாபலிபுரம் என்று இருந்தாலும் ஊர் ஒன்றே.

இ.சி.ஆர். வழிப் புதுச்சேரிப் பேருந்துகளில் ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பல ஊருக்குள் நுழையாமல் புறவழிச் சாலையிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து ஆட்டோ. ஏறும்போதே நடத்துனரிடம் "உள்ள போகுமா, பைபாஸா?" என்று கேட்டுவிடுங்கள். ரயில் கிடையாது, கிட்டத்து நிலையம் செங்கல்பட்டு, சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து பிடிக்க வேண்டும்.

கார்ல போறோம். இ.சி.ஆரா, ஓ.எம்.ஆரா?

போகும்போது இ.சி.ஆர்., ஞாயிறு மாலை திரும்பும்போது ஓ.எம்.ஆர்., அதாவது பழைய மகாபலிபுரம் சாலை. சனிக்கிழமை காலை 7 மணிக்குள் திருவான்மியூரைத் தாண்டிவிட்டால் சுகமான சாலை. உத்தண்டியில் சுங்கச்சாவடி உண்டு. கேமராவும் போலீஸ் சோதனையும் அடிக்கடி இருக்கும். வேகம் காட்ட வேண்டிய சாலையல்ல. ரிசார்ட்டுகளிலிருந்து திடீரென்று வண்டி திரும்பும், மீனவக் குப்பங்களில் ஆட்கள் குறுக்கே கடப்பார்கள்.

ஞாயிறு மாலை 5 முதல் 9 வரை கோவளம், முட்டுக்காடு, உத்தண்டி, நீலாங்கரை என்று வரிசையாக அடைபடும். அந்த நேரத்தில் பூஞ்சேரி சந்திப்பில் திருப்போரூர் சாலைக்குத் திரும்பி ஓ.எம்.ஆரைப் பிடியுங்கள். தாம்பரம் பக்கத்துக்காரர்கள் கேளம்பாக்கத்தில் வண்டலூர் சாலைக்கு மாறிவிடலாம், நகருக்குள் வரவே வேண்டாம். இதைவிட எளிய வழி, ஞாயிறு மதியச் சாப்பாட்டை முடித்து 2 மணிக்கே கிளம்புவது.

வண்டியை எங்க நிறுத்துறது?

கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் (பாறையில் குடைந்த ரதக் கோயில்கள்) இரண்டின் அருகிலும் கட்டண நிறுத்தம் இருக்கிறது. பணம் கொடுத்தால் அச்சடித்த ரசீது கேளுங்கள். ஒரே நாளில் இரண்டாவது இடத்திலும் கேட்டால் அதைக் காட்டிப் பேசலாம். ஊருக்குள் தங்குகிறவர்கள் வண்டியை விடுதியில் போட்டுவிட்டு நடப்பதே நல்லது. முக்கியமான இடங்கள் எல்லாம் இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

டிக்கெட் எவ்வளவு? ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியா வாங்கணுமா?

இந்தியத் தொல்லியல் துறையின் கட்டணம் இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டினருக்கு 600 ரூபாய். இணையத்தில் எடுத்தால் 35, 550. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். கடற்கரைக் கோயிலில் வாங்கிய அதே சீட்டு அன்றைக்கே ஐந்து ரதத்துக்கும் செல்லும். தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவது முறை வாங்குகிறவர்கள் ஏராளம். மறுநாளுக்குச் செல்லாது. கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை என்னும் பெரிய உருண்டைப் பாறை இருக்கும் குன்றுப் பகுதிக்கும் 2019 அக்டோபரிலிருந்து சீட்டு கேட்கிறார்கள்.

அர்ச்சுனன் தபசுக்குச் சீட்டு வேண்டாம், தெருவிலிருந்தே பார்க்கலாம். நினைவிடங்கள் காலை 6 முதல் மாலை 6 வரை. நுழைவாயிலில் வரிசை நீண்டிருந்தால் அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து போனிலேயே எடுங்கள். கூட்ட நாளில் சிக்னல் திணறும் என்பதால் அறையில் இருக்கும்போதே எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

எதை முதல்ல பார்க்கணும், எதைக் கடைசியில?

சூரியனைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடற்கரைக் கோயிலின் பெரிய விமானத்துச் சன்னதி கடலைப் பார்த்துக் கிழக்கு நோக்கியது. அர்ச்சுனன் தபசுப் பாறையும் கிழக்கு முகம்தான். ஆகவே இரண்டும் காலைக்கு. ஐந்து ரதங்களில் நான்கு மேற்குப் பார்த்தவை. அவற்றில் மாலை 4 மணிக்கு மேல் வெளிச்சம் விழும்போதுதான் சிற்பம் எழும்பித் தெரியும். காலை ஆறு மணிக்குக் கோயில், ஏழரைக்குத் தபசு, பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம், பின்னால் குன்றேறி வெண்ணெய் உருண்டை, கணேச ரதம், வராக மண்டபம், மகிஷாசுரமர்த்தினி மண்டபம். ஒன்பதரைக்கு இறங்கி டிபன். மாலையில் ஐந்து ரதம். சீட்டும் அதே நாள் சீட்டு என்பதால் ஒத்துப்போகும். முதல் நாள் சனிக்கிழமை மதியம் வந்து சேர்கிறவர்கள் அன்று மாலை கடலோரமும் கடைத்தெருவும் போதும் என்று வைத்து, கோயில்களை ஞாயிறு காலைக்கு விடலாம். ஐந்து ரதத்தின் மாலை வெயிலும் வேண்டுமென்றால் அதைச் சனி மாலையே பார்த்துவிட்டு, கடற்கரைக் கோயிலுக்கு ஞாயிறு தனிச் சீட்டு எடுங்கள், 40 ரூபாய்தான்.

தபசின் முன் இரண்டு நிமிடம் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு நகர்கிறவர்கள்தான் அதிகம். அங்கே கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நடுப்பிளவுக்கு இடப்புறம் ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் விலா எலும்புகளை எண்ணலாம். வலப்புறம் பெரிய யானையின் காலடிப் பக்கம் பாருங்கள்: ஒரு பூனை அதே தவசியைப் போல முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது, சுற்றிலும் எலிகள். தவசி அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் பிரிந்து நிற்கிறார்கள். பூனை யாரென்பதில் சண்டையில்லை. கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் ஆயரையும், கன்றை நக்கும் பசுவையும் விட்டுவிடாதீர்கள். ஐந்து ரதத்தில் நகுல சகதேவ ரதத்தின் பின்புறம் யானை முதுகுபோல வளைந்திருக்கும். சிற்பி பக்கத்திலேயே ஒரு முழு யானையைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறான். அந்த அமைப்புக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். யானையின் பின்னால் போய் நின்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

கைடு எடுக்கணுமா?

பல்லவர் வரலாறு கொஞ்சமும் தெரியாதென்றால் எடுப்பது லாபம்தான். சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை உள்ளவரா என்று பாருங்கள். எத்தனை இடம், எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவு பணம் என்பதை நடக்கத் தொடங்கும் முன் பேசிவிடுங்கள். சுற்றிமுடித்து நேராக ஒரு சிலைக்கடைக்குள் கூட்டிப் போனால் அங்கே வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கைடு வேண்டாம் என்கிறவர்களுக்குக் குறைந்தபட்சப் பாடம்: ஐந்து ரதம் ஒரே பாறைத் தொடரை மேலிருந்து கீழாகக் குடைந்தது, பெரும்பாலும் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனான மாமல்லன் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது, எந்த ரதமும் முழுதாக முடியவில்லை. கடற்கரைக் கோயில் வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது, பின்னால் வந்த பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலம், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். இந்தச் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

கடல்ல குளிக்கலாமா?

வேண்டாம். இந்தத் தொகுப்பில் வளைந்து கொடுக்காமல் சொல்லும் ஒரே பதில் இதுதான். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், போலீஸ் விசில் அடிக்கிறார்கள், அப்படியும் இந்தக் கரையில் உயிர்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. இறப்பவர்களில் பெரும்பாலோர் கூட்டமாக வரும் கல்லூரிப் பையன்கள். நீச்சல் தெரிந்தவர்களும் அதில் உண்டு.

காரணம் அலையின் உயரமல்ல. கரைக்கு வந்த தண்ணீர் மொத்தமும் திரும்பிப் போக வேண்டும். அது மணல் திட்டுகளுக்கு நடுவே உள்ள தாழ்வான பள்ளத்தில் ஒன்றுசேர்ந்து வேகமாகக் கடலுக்குள் ஓடும். மேலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் அலை உடையாது, கொஞ்சம் அமைதியாகவும் கருமையாகவும் தெரியும். ஆகவே தெரியாதவர்கள் "இங்க அலை கம்மி" என்று அங்கேயே இறங்குகிறார்கள். பாறைத் தடுப்புகளின் ஓரத்திலும் இந்த நீரோட்டம் உண்டாகும். கடற்கரைக் கோயிலைச் சுற்றிக் கொட்டியிருக்கும் கற்கள் பாசி பிடித்து வழுக்கும் என்பதால் அங்கே ஆபத்து இரட்டிப்பு.

முழங்கால் வரைக்கும் நின்னா என்ன ஆயிடப்போகுது?

கணுக்கால் வரை நில்லுங்கள், தகராறு இல்லை. முழங்கால் ஆழத்தில் பின்வாங்கும் அலை பாதத்துக்கு அடியில் உள்ள மணலை உருவிவிடும். சரிவு செங்குத்தான கரை இது. ஒரு எட்டு தள்ளி இடுப்பளவு இருக்கும். சேலையோ ஜீன்ஸோ நனைந்து கனத்தால் எழுந்திருப்பது கடினம். குழந்தையின் கையை விரலால் பிடிக்காமல் மணிக்கட்டோடு பிடியுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள்.

ஒருவர் இழுபட்டால் பின்னாலேயே குதிக்க வேண்டாம். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவது வழக்கமாக நடப்பது. கயிறு, காலிக் கேன், தெர்மாகோல் என்று மிதக்கும் எதையாவது எறியுங்கள், மீனவர்களைக் கூவி அழையுங்கள், 112க்கோ 108க்கோ அடியுங்கள். இழுபட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்த நீரோட்டத்தின் அகலத்தைத் தாண்டிவிடலாம். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை ஆட்ட வேண்டும்.

அப்போ குழந்தைங்களை எங்கதான் தண்ணியில விடுறது?

அறை எடுக்கும்போதே நீச்சல் குளம் உள்ள இடமாகப் பாருங்கள். குளத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறதா, ஆழம் எத்தனை அடி, காவலர் உண்டா, நைலான் உடை கட்டாயமா என்பதைக் கேட்டுவிடுங்கள். பருத்தி உடையோடு போனால் பல இடங்களில் இறங்க விடமாட்டார்கள்.

கடல்தான் வேண்டுமென்றால், வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் செங்கல்பட்டு மாவட்டக் கோவளம். (கேரளக் கோவளம் அல்ல.) அதன் கடற்கரை, சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடி என்ற சர்வதேசச் சான்றை 2021இல் பெற்றது, உடை மாற்றும் அறை, குளியல், கண்காணிப்பு எல்லாம் உண்டு. அங்கேயும் காவலர் காட்டும் எல்லைக்குள் மட்டும்தான்; முந்தைய பதிலில் சொன்னவை கோவளத்துக்கும் பொருந்தும்.

சர்ஃபிங் கத்துக்கலாமா? எனக்கு நீச்சல் தெரியாது.

மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் மீனவக் குடும்பத்து இளைஞர்கள் நடத்தும் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில்தான் நடந்தது. அலை அவ்வளவு தரமானது. முதல் வகுப்பு மார்பளவுக்குக் கீழான தண்ணீரில், மெத்தென்ற பலகையில், காலில் கயிறு கட்டி நடக்கும். நீச்சல் தெரியாததை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள்; மூன்றுக்கு மேல் என்றால் வேறு பள்ளி பாருங்கள்.

காலை ஆறரை வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். பத்து மணிக்கு மேல் கடற்காற்று ஏறி அலையைக் கலைத்துவிடும். வெயிலில் முதுகு எரியாமலிருக்க முழுக்கைச் சட்டை. முட்டிலும் விலாவிலும் பலகை உரசிச் சிராய்ப்பு வரும், அது சகஜம்.

ரூம் ஊருக்குள்ள எடுக்கறதா, இ.சி.ஆர். ரிசார்ட்டா?

எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோயில், கடைத்தெரு, மீன் சாப்பாடு என்றால் ஒத்தவாடைத் தெருப் பக்கம் சின்ன விடுதிகள். காலை ஆறு மணிக்கு எழுந்து கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். அறையை விட்டு வெளியே வரும் எண்ணமே இல்லையென்றால் ரிசார்ட். ஆனால் "மகாபலிபுரம் ரிசார்ட்" என்று இணையத்தில் போட்டிருப்பவற்றில் பல ஊரிலிருந்து பத்து, பதினைந்து கிலோமீட்டர் வடக்கே நெம்மேலி, வடநெம்மேலி பக்கம் இருக்கும். வரைபடத்தில் பேருந்து நிலையத்திலிருந்து தூரம் போட்டுப் பாருங்கள்.

"கடல் தெரியும் அறை" என்றால் தென்னந்தோப்புக்கு மேலே ஒரு நீலக்கோடு தெரியும் அறையாகவும் இருக்கலாம். அறையிலிருந்து மணலுக்கு எத்தனை அடி, நடுவில் சாலையோ மதிலோ உண்டா என்று போனில் கேளுங்கள். உள்ளே நுழைய பொதுவாக மதியம் 2 மணி, காலி செய்ய 11 மணி. ஞாயிறு 11 மணிக்கு மேல் பையை வரவேற்பில் வைக்க விடுவார்களா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். வாடகை ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 7,600 ரூபாய் அறையைவிட 7,400 ரூபாய் அறை கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறு ரூபாய் மலிவாக முடியும். பேரம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

கல்யாணம் ஆகல. ரெண்டு பேர் ஆதாரும் சென்னை அட்ரஸ். ரூம் தருவாங்களா?

வயது வந்த, திருமணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில், கோவை விடுதி ஒன்றுக்குச் சீல் வைத்த வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது. ஆனாலும் சில விடுதிகள் "லோக்கல் ஐடி எடுக்க மாட்டோம்" என்று வாசலில் திருப்பி அனுப்புவது நடக்கிறது. சட்டத்தை இரவு எட்டு மணிக்கு வரவேற்பு மேசையில் நின்று வாதாடுவதைவிட, பணம் கட்டும் முன் போனில் நேராகக் கேட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு வரி உறுதி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

இருவருக்கும் தனித்தனி அடையாள அட்டை வேண்டும். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எல்லாம் செல்லும். பான் அட்டையில் முகவரி இல்லாததால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்.

மீன் சாப்பிடப் போனா பில்லைப் பார்த்து மயக்கம் வருதுன்னு சொல்றாங்களே?

மெனு அட்டையில் விலை இல்லாமல், தட்டில் மீனைக் கொண்டுவந்து காட்டும் கடைகளில்தான் அது நடக்கும். கேட்க வேண்டியவை: கிலோ என்ன விலை? இந்த மீன் எத்தனை கிராம்? எடை முழு மீனுக்கா, சுத்தம் செய்த பிறகா? வறுவல் கூலி, சட்னி, சோறு தனியா? எடையைக் கண்ணெதிரே போடச் சொல்லுங்கள். இறால் என்றால் எண்ணிக்கையும் கேளுங்கள். நான்கு கேள்விக்கும் பதில் வாங்கிய பிறகே "சரி" சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

புதிய மீனா என்பதைச் செவுளைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்: சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் பழசு. கண் புடைத்திருக்க வேண்டும்; விரலால் அழுத்தினால் குழி உடனே நிரம்ப வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகில் கிடைக்கும் சின்ன மீன்தான் புதிதாக இருக்கும். பெரிய வஞ்சிரம் கண்டால் அது ஐஸில் இருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம், விலையும் எகிறும். அந்த மாதங்களில் சங்கராவோ நண்டோ கேளுங்கள்.

கடற்கரைத் தள்ளுவண்டியில் செக்கச்செவேலென்று அடுக்கியிருக்கும் மீன் காலையிலேயே ஒருமுறை பொரித்ததாக இருக்கலாம். பச்சையாக மசாலா தடவி வைத்ததைக் காட்டி, அதைப் போடச் சொல்லுங்கள்.

நாங்க சைவம். கஷ்டப்படுவோமா?

இல்லை. பேருந்து நிலையத்தைச் சுற்றி இட்லி, பொங்கல், சாப்பாடு கிடைக்கும் சைவ உணவகங்கள் உண்டு. காலையில் 7 மணிக்கு மேல்தான் சூடாக இருக்கும்.

கல் சிலை வாங்கினா ஏமாத்துவாங்களா?

இங்கே மூன்று வகைச் சரக்கு கலந்து விற்கிறது: கருங்கல், மாவுக்கல், அச்சில் வார்த்தது. மாவுக்கல் தவறான பொருளல்ல. மென்மையானது, நுணுக்கமாகச் செதுக்கலாம், விலையும் குறைவு. அதற்குக் கறுப்பு மெருகேற்றிக் கருங்கல் என்று விற்பதுதான் ஏமாற்று. சிலையின் அடிப்பக்கத்தில் ஒரு சாவியால் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் மாவுக்கல்; கருங்கல்லில் கோடு விழாது, சாவியின் உலோகம்தான் தேய்ந்து ஒட்டும். வார்த்த சிலையில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிக் குழிகளும், பக்கவாட்டில் அச்சுச் சேர்ந்த கோடும் இருக்கும்.

ஐந்து ரதம் போகும் சாலையில் உளிச் சத்தம் கேட்கும் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே செதுக்குகிறவரிடமே வாங்கினால் விலையும் நியாயமாக இருக்கும், எந்தக் கல் என்பதற்கும் பதில் கிடைக்கும். இந்த ஊரில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது; மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. விமானத்தில் ஊர் திரும்புகிறவர்கள் எடையை நினையுங்கள்: ஓர் அடி உயரக் கருங்கல் பிள்ளையார் சாதாரணமாகப் பத்துக் கிலோவைத் தாண்டிவிடுவார். கூரியரில் அனுப்பச் சொன்னால் மரச்சட்டம் அடித்து அனுப்புவார்களா, உடைந்தால் யார் பொறுப்பு என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

வயசான அப்பா அம்மாவும் வர்றாங்க. நடக்க முடியுமா?

கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் சமதரை. மெதுவாக நடந்தால் போதும். குன்றுப் பகுதி வேண்டாம். பாறையில் வெட்டிய படிகள் கால்பட்டுத் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டன, கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை. வெண்ணெய் உருண்டைக்குக் கீழே உள்ள சரிவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள். பெரியவர்களும் அதில் ஆசைப்பட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்க்கலாம்.

கும்பிடப் போக வேண்டும் என்றால் தபசுக்கு எதிர்ப்பக்கமே ஸ்தலசயனப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பூதத்தாழ்வார் அவதரித்த ஊர். பாம்பணையின்றித் தரையில் படுத்திருக்கும் பெருமாள். கடற்கரைக் கோயிலில் பூசை கிடையாது, செருப்போடு போகலாம். இங்கே பூசை உண்டு, மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே காலை வரிசையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும் வண்டிதான் முறையான வாடகை வண்டி. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்தானால் காப்பீட்டில் சிக்கல் வரும். ஓட்டுநர் உரிமம், இரண்டு ஹெல்மெட். எடுக்கும் முன் நான்கு பக்கமும் வீடியோ எடுத்துவிடுங்கள். பழைய கீறலுக்குப் பணம் கேட்பது இந்தத் தொழிலில் புதிதல்ல.

கேமரா, ட்ரோன், போட்டோஷூட் எல்லாம் உண்டா?

போனிலும் சாதாரணக் கேமராவிலும் படம் எடுக்கத் தனிக் கட்டணம் இல்லை. வீடியோ கேமராவுக்கு 25 ரூபாய். முக்காலி, விளக்கு, திருமணப் படப்பிடிப்பு என்றால் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். வாசலில் கெஞ்சிப் பலனில்லை. ட்ரோன் கூடவே கூடாது. பக்கத்துக் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருப்பதை மறந்து இ.சி.ஆரில் தெற்கே போய்ப் பறக்கவிடுவது இன்னும் பெரிய வம்பு.

மழை எச்சரிக்கைன்னு சொல்றாங்க. போகலாமா, கேன்சல் பண்ணலாமா?

மஞ்சள் எச்சரிக்கை என்றால் குடையோடு போகலாம். நனைந்த பாறையில் சிற்பங்கள் அழகாகத்தான் இருக்கும். ஆரஞ்சு, சிவப்பு என்றால் ரத்து செய்யுங்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் கடற்கரையையும் நினைவிடங்களையும் மூடிவிடுவார்கள், மின்சாரமும் போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதிவு செய்கிறவர்கள் சில நூறு ரூபாய் அதிகமானாலும் பணம் திரும்பக் கிடைக்கும் அறையையே எடுங்கள்.

முதலைப் பண்ணை, தட்சிணசித்ரா எல்லாம் வழியில முடிச்சுடலாமா?

இரண்டில் ஒன்று. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. நீண்ட வார இறுதிகளில் திங்களன்று முதலைப் பண்ணை வாசலில் ஏமாந்து நிற்பவர்கள் நிறைய. பிள்ளைகள் இருந்தால் பண்ணை, பழைய வீடுகளில் ஆர்வம் இருந்தால் தட்சிணசித்ரா. ஞாயிறு திரும்பும் வழியில் மதியம் வைத்துக்கொள்ளலாம், இரண்டிலும் மரநிழல் உண்டு.

மாமல்லபுரத்துக்கு வடக்கே நான்கைந்து கிலோமீட்டரில் சாளுவன்குப்பம் புலிக்குகை. யாளி முகங்கள் சூழ்ந்த பாறை மேடை. கூட்டம் குறைவு, மரமும் புல்லும் உண்டு. அதன் பக்கத்தில், 2004 சுனாமிக்குப் பிறகு அகழ்ந்து வெளிப்பட்ட செங்கல் முருகன் கோயிலின் அடித்தளத்தையும் பாருங்கள்.

மாசி மகத்தன்னிக்குக் கடற்கரை முழுக்கக் கூடாரமா இருந்துச்சு. அது என்ன?

இருளர் மக்கள் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து, மாசி மகப் பௌர்ணமியில் மாமல்லபுரக் கடற்கரையில் கூடுவது மரபு. சேலைகளாலும் குச்சிகளாலும் குடில் கட்டித் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, திருமணமும் நிச்சயமும் அங்கேயே நடத்துவார்கள். அது அவர்கள் குடும்ப விசேஷம். குடிலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், படம் வேண்டுமென்றால் கேட்டு எடுங்கள். அந்த வார இறுதியில் அறையும் சாலையும் நெருக்கடியாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மாமல்லபுரம், ஞாயிறு பாண்டிச்சேரி. முடியுமா?

முடியும், ஆனால் இரண்டு ஊரின் நல்ல வேளையும் காரிலேயே கழியும். இடையில் சுமார் 95 கிலோமீட்டர். நான்கு வழியாக்கும் பணி நடக்கும் இடங்களில் மாற்றுப்பாதை, தூசி. பாண்டிச்சேரியிலிருந்து ஞாயிறு மாலை சென்னை திரும்புவது, மேலே கார் கேள்வியில் சொன்ன நெரிசலில் நேராகப் போய்ச் சேர்வதுதான். மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் முதல் இரவு மாமல்லபுரம், இரண்டாம் இரவு பாண்டி, திரும்பும்போது திண்டிவனம் வழி. இரண்டே நாள்தான் என்றால் தெற்கே போகும் ஆசையைச் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல்பாக்கத்தை ஒட்டி, அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். தண்ணீர் பாட்டிலை இங்கிருந்தே நிரப்பிக்கொண்டு போங்கள்.